முன்னாள் படைவீரர்களுக்கு அரசுக் கல்லறைத் தோட்டம்: தனி இடமா, இருக்கிற இடத்தில் ஒரு பகுதியா?

முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசுப் பணத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு படம் வந்துவிடும். பச்சைப் புல்வெளி, வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், நடுவில் கொடிக்கம்பம். பெரும்பாலும் அது ஆர்லிங்டன் படமாக இருக்கும், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற ராணுவக் கல்லறைத் தோட்டம். அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் அந்தப் படத்தில் விழாத ஒரு ஆள் உண்டு: அந்தப் புல்லை வெட்டுகிறவர். அவருக்கு யார், எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை வருஷம் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் எடை போடப் போகிறேன். நிலம், கட்டுமானம், திறப்பு விழா எல்லாம் ஒரு தடவைச் செலவு. கடைசி அடக்கம் முடிந்த மறுநாளும் புல் வளரும்.

கையில் இருக்கிற வழிகள் நாலு. புதிதாக நிலம் எடுத்துத் தனிக் கல்லறைத் தோட்டம் அமைப்பது ஒன்று. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு பொது மயானத்தில் ஒரு பகுதியை வாங்கி ஒதுக்குவது இன்னொன்று. புதைக்க இடமே வைக்காமல் அஸ்தி மாடங்கள் மட்டும் கட்டுவது மூன்றாவது. இடமே வேண்டாம், குடும்பத்துக்கு அடக்கச் செலவும் கல்லும் கொடுத்துவிட்டு எல்லாப் பெயரையும் ஒரு நினைவிடத்தில் பொறித்துவிடலாம் என்பது நாலாவது.

தனித் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாருக்கும் பிடித்தது அதுதான். அமெரிக்கா இதை உள்நாட்டுப் போரின் நடுவில், 1862-இல் ஒரு சட்டம் போட்டுத் தொடங்கியது. 1973-இல் 82 கல்லறைத் தோட்டங்கள் ராணுவத்தின் கையிலிருந்து முன்னாள் படைவீரர் துறைக்கு மாறின, இப்போது அந்தத் துறையிடம் 150-க்கும் மேல் இருக்கின்றன. (ஆர்லிங்டன் இன்னும் ராணுவத்திடம்தான்.) தகுதியுள்ள வீரருக்கு அங்கே இடம், குழி தோண்டி மூடும் வேலை, கல், காலாகாலத்துக்கும் பராமரிப்பு எல்லாம் இலவசம். கணவரோ மனைவியோ அதே குழியில் அடக்கமாகலாம். இந்த வழியின் பலம், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலையாக ஒரு அலுவலகம் இருக்கும், அதற்கென்று ஆட்கள் இருப்பார்கள் என்பது. வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

சரி, அந்த ஆட்கள் என்ன வேலை செய்கிறார்கள்? ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசு தரும் நிமிர்ந்த பளிங்குக் கல் 42 அங்குல உயரம், 13 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். எடை 230 பவுண்டு, அதாவது நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மொத்த உயரமும் வெளியே தெரியாது, அடிப்பகுதி மண்ணுக்குள் போய்விடும். புதைத்த குழியின் மண் முதல் சில மழைக்காலங்களில் மெல்ல இறங்கும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது. அதனால் ஒரு கல் கொஞ்சம் முன்னால் சாயும், பக்கத்துக் கல் ஒரு அங்குலம் தாழும். தனியாக நிற்கிற கல் என்றால் யார் கண்ணிலும் படாது. ஆயிரம் கல் வரிசையில் நிற்கும்போது ஒன்று சாய்ந்தாலும் சாலையிலிருந்தே தெரியும். உடனே அதைத் தூக்கி, அடியில் ஜல்லி போட்டு, நூல் பிடித்து, மட்டம் பார்த்து மறுபடி நட வேண்டும். நமக்கு நடுகல் என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது, ஆனால் நட்டால் வேலை முடிந்தது என்று அது நினைக்க வைத்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்துக்காரர்களைக் கேட்டால் நடுவது சுலபம், நிமிர்த்தி வைத்திருப்பதுதான் உத்தியோகம் என்பார்கள்.

இந்தத் தொல்லையைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு பகுதி முழுக்க ஒரே மூச்சில் தோண்டி, கீழே வடிகாலுக்கு ஜல்லி பரப்பி, கான்கிரீட் பெட்டிகளை நெருக்கமாக இறக்கி, மேலே மண் போட்டு மூடிப் புல் வளர்த்துவிடுவார்கள். அடக்கத்தன்று மண்ணை விலக்கி மூடியைத் தூக்கினால் போதும். இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவராக வைக்கும் ஆழத்தில் பெட்டி போட்டால் தம்பதிக்கு ஒரே இடம் போதும், மண் இறங்குவதும் குறையும், அதே நிலத்தில் நிறையப் பேருக்கு இடம் கிடைக்கும். ஆனால் இன்னும் பல வருஷம் கழித்து வரப்போகிற ஆட்களுக்கான பணத்தை இன்றைக்கே மண்ணுக்குள் போட்டாக வேண்டும்.

எத்தனை பேர் வருவார்கள் என்று முதலிலேயே தெரியாமல் தனித் தோட்டத்தில் இறங்கவே கூடாது. 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் தூரத்துக்குள் வேறு அரசுக் கல்லறை கிட்டாத முன்னாள் வீரர்கள் குறைந்தது 80,000 பேர் இருந்தால்தான் புதிதாக ஒரு தேசியக் கல்லறைத் தோட்டம் என்று அமெரிக்காவில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முன்பு அது 1,70,000 ஆக இருந்தது. இன்னொரு விஷயம், வீரர்களின் எண்ணிக்கை ஊர் மக்கள்தொகை போல ஏறிக்கொண்டே போவதில்லை, ஒரு பெரிய போர் அல்லது கட்டாய ராணுவச் சேவை முடிந்து ஐம்பது அறுபது வருஷம் கழித்து அடக்கங்கள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் சரசரவென்று இறங்கிவிடும். உச்சத்தைப் பார்த்து நிலம் வாங்கினால், பாதி நிலம் காலியாகக் கிடக்க, அதற்கும் சேர்த்துப் புல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் அந்த எண்ணிக்கை இல்லாத இடங்கள் என்ன செய்யும்? அதே நாட்டில் 1978 முதல் மாநிலங்களுக்கு மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசு கட்டுமானச் செலவைத் தரும், ஆரம்பத்தில் பாதி, இப்போது முழுவதுமே தரலாம். நிலம் மாநிலத்துடையது, அன்றாடம் நடத்துவதும் மாநிலம்தான். அந்த இடத்தை வேறு எதற்காவது மாற்றினால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. ஆனால் யார் எதைத் தருகிறார்கள் என்று பாருங்கள். கட்டுவதற்கான பணம், அதாவது சுலபமாகக் கிடைக்கிற பணம், மேலிருந்து வருகிறது. நடத்துகிற செலவு, அதாவது ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாராவது வெட்டப் பார்க்கிற பணம், கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. இப்படி ஒரு மானியம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் தனித் தோட்டத்துக்குத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். கனடாவின் ஒட்டாவாவில் பீச்வுட் என்று 1873-இல் தொடங்கிய ஒரு பொது மயானம் இருக்கிறது. 2001-இல் அதற்குள்ளேயே ஒரு பகுதியைக் கனடா ராணுவத்தின் தேசியக் கல்லறைத் தோட்டமாக ஒதுக்கினார்கள். சாலை, வாசல், தண்ணீர், அலுவலகம், குழி தோண்டுகிற இயந்திரம், அதை ஓட்டத் தெரிந்த ஆள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அரசு புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது வரிசைகளையும் விதிகளையும்தான். முதல் வருஷத்தில் பத்து பேர் வந்தாலும் நஷ்டமில்லை, நூறு பேர் வந்தாலும் தடுமாற்றமில்லை, தேவைப்பட்டால் பக்கத்தில் அடுத்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எங்கே கோளாறு வரும்? மயானத்தை நடத்துகிற அமைப்பு நொடித்துப் போனால், கை மாறினால், வீரர்களின் பகுதியும் அதோடு சேர்ந்து தத்தளிக்கும். "பராமரிப்போம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை புல் வெட்ட வேண்டும், கல் எவ்வளவு சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும், எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் அரசு தானே உள்ளே வந்து செய்து செலவைக் கழித்துக்கொள்ளலாமா, நிலம் விற்கப்பட்டால் வாங்குகிறவரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரிவது. இந்தப் பக்கம் ஒரே அளவுக் கற்கள், வேலிக்கு அந்தப் பக்கம் அவரவர் வசதிக்கு ஏற்ற சலவைக்கல் மண்டபங்கள். சிலருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, ராணுவத்தை விட்டு வந்தபிறகு அவர்களும் ஊர் மக்களோடுதானே வாழ்ந்தார்கள்.

"சிதறிக் கிடந்தால் யார் பார்ப்பார்கள்" என்று இந்த வழிக்கு எதிராகச் சொல்வார்கள். பார்க்க முடியும் என்பதற்கு நூறு வருஷச் சாட்சி இருக்கிறது. 1917-இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் பெயர்களையும் 23,000 இடங்களில் பார்த்துக்கொள்கிறது. இதில் பெரிய தோட்டங்களும் உண்டு, ஊர்த் தேவாலயத்தின் பின்புறம் இரண்டே கல் நிற்கிற இடங்களும் நிறைய உண்டு. அது வேலை செய்வதற்குக் காரணம் எளிமையானது: நேரில் போய்ப் பார்த்துக் குறித்துவைக்கிற ஒரு அமைப்பு இருக்கிறது, அதற்குப் பணம் கொடுக்கிற ஆறு அரசுகள் இருக்கின்றன, தங்கள் வீரர்களின் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் கொடுக்கின்றன. அதே ஆணையம் ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பலருக்குத் தனிக் கல்லோ பெயரோ வைக்காமல் விட்டதை 2021-இல் தானே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஆக, இடம் சிதறியிருந்ததால் யாரும் விடுபடவில்லை, பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டியவர் சேர்க்காததால் விடுபட்டார்கள்.

அஸ்தி மாடம் மட்டும் கட்டுவதை வேகமாகச் சொல்லிவிடலாம். நிலம் கொஞ்சம் போதும், ஊருக்கு நடுவிலேயே கட்டலாம், குடும்பம் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம். லாஸ் ஏஞ்சலஸில் பழைய தேசியக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டி புதைக்க இடம் தீர்ந்து பல காலம் ஆகிவிட்டிருந்தது, 2019-இல் அஸ்தி மாடங்களைத் திறந்ததும் அந்த ஊர்க்காரர்களுக்கு மறுபடி வழி பிறந்தது. ஆர்லிங்டனிலேயே 1980 முதல் அஸ்தி மாடங்கள் உண்டு, அதற்கான தகுதி விதிகள் மண்ணில் புதைப்பதற்கான விதிகளைவிடத் தளர்வானவை. புல் கவலை குறையும், அதற்குப் பதிலாகச் சுவர் ஒழுகாமல், மூடிக்கல் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எரிப்பதை ஏற்காத மதத்தவர் இருக்கிறார்கள். முஸ்லிம் வீரரையும், மரபு வழுவாத யூத வீரரையும், கீழைத் திருச்சபைக் கிறிஸ்தவரையும் அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அரசுப் பணத்தில் கட்டும் ஒரே இடம் அப்படி இருக்கக் கூடாது. கூடுதல் வசதியாக என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்.

நாலாவதை, அதாவது பணமும் கல்லும் கொடுத்துவிடுவதை, ஏதோ கைகழுவுகிற வேலை மாதிரிப் பேசுவார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கனடாவில் நடந்த ஒரு கதை என் நினைப்பை மாற்றியது. 1908 டிசம்பர், மான்ட்ரியலில் குளிரில் நினைவிழந்து கிடந்த ஒருவரைக் குடிகாரர் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் குடித்திருக்கவில்லை, பட்டினி. ஆர்தர் ஹேர் என்ற ஊழியர், தானும் முன்னாள் படைவீரர், அவருடைய பையில் ஒரு நீல உறையைப் பார்த்தார். ராணுவத்திலிருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டதற்கான தாள் அதில் இருந்தது. ஜேம்ஸ் டேலி என்ற அந்த வீரர் இறந்ததும், கேட்க ஆளில்லாத உடல் என்று மருத்துவ ஆராய்ச்சிக்குப் போக இருந்தது. ஹேர் நண்பர்களிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் பணம் திரட்டி அடக்கம் செய்தார். 1909-இல் அதிலிருந்து லாஸ்ட் போஸ்ட் நிதி பிறந்தது, இன்றைக்கும் வசதியில்லாத வீரர்களின் அடக்கச் செலவை அது ஏற்கிறது.

டேலிக்கு 120 கிலோமீட்டர் தள்ளி ஒரு பளிங்குத் தோட்டம் இருந்து என்ன பயன்? ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க யார் இருந்தார்கள்? இலவச இடம் கொடுக்கிற திட்டங்கள்கூடப் பொதுவாக வாசலுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் இலவசமாக்குகின்றன. பெட்டி, வண்டி, எரியூட்டும் செலவு எல்லாம் பெரும்பாலும் குடும்பத்தின் பாடு. ரொம்ப ஏழையான வீரருக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால் நாலாவது வழியின் பணம் முதலில் வர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் பணமும் கல்லும் கொடுத்ததோடு நிறுத்தினால், முப்பது வருஷம் கழித்து அந்தக் கல் எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்று அரசுக்கே தெரியாமல் போகும். பெயர் பொறித்த நினைவிடம் கல்லறைக்கு மாற்று ஆகாது. பிரிட்டனில் 2001-இல் திறந்த தேசிய நினைவு மரத்தோட்டத்தில் யாரையும் அடக்கம் செய்வதில்லை, 2007-இல் அங்கே எழுப்பிய சுவர்களில் 16,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அழகான இடம்தான். ஆனால் அவை பணியில் இறந்தவர்களின் பெயர்கள், ஓய்வுபெற்று எண்பது வயதில் வீட்டில் இறந்த சிப்பாய்க்கு அதில் இடமில்லை.

எந்த வழியைப் பிடித்தாலும் விடாத தலைவலிகள் இரண்டு. முதலாவது, யாருக்கு இடம். இதை முன்கூட்டியே தெளிவாக எழுதிவைக்காத இடங்கள் பின்னால் நீதிமன்றத்துக்கு ஓடின. பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரியாக இருந்த முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸை 2016 நவம்பரில் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பதற்கு முன் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், தீர்ப்புக்குப் பிறகும் தெருவில் போராட்டம் நடந்தது. அமெரிக்காவில் 168 பேரைக் கொன்ற ஓக்லஹோமா குண்டுவெடிப்புக் குற்றவாளி முன்னாள் ராணுவத்தான் என்பது உறைத்த பிறகுதான், மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவருக்குத் தேசியக் கல்லறையில் இடமில்லை என்று 1997-இல் அவசரமாகச் சட்டம் வந்தது. இடத்தின் அளவும் இதோடு சேர்ந்ததுதான். தென் கொரியாவில் தளபதிகளுக்கு 26.4 சதுர மீட்டர், சிப்பாய்க்கு 3.3 என்று பல காலம் இருந்தது, சரியாக எட்டு மடங்கு. வியட்நாமில் கொரியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய சே மியோங் ஷின் 2013-இல் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே சியோலில் சிப்பாய்கள் வரிசையில் அடக்கம் செய்தார்கள். ஒரே அளவு என்பதை முதல் நாளே விதியாக்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

இரண்டாவது தலைவலி பதிவேடு. ஆர்லிங்டனே இதில்தான் சறுக்கியது. 2010-இல் ராணுவத்தின் விசாரணை 211 கல்லறைகளில் வரைபடமும் கல்லும் உள்ளே இருப்பவரும் ஒத்துப்போகாத குழப்பத்தைக் கண்டுபிடித்தது. பதிவுகள் காகித அட்டைகளில் இருந்தன. அடுத்த வருஷம் கோடையில் வீரர்கள் ராத்திரி நேரத்தில் கைபேசியோடு வரிசை வரிசையாக நடந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் அட்டையோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. எல்லாரும் படத்தில் காட்டுகிற கல்லறைத் தோட்டத்தின் கதி இது.

என்னைக் கேட்டால், முதலில் இரண்டாவது வழி. நன்றாக நடக்கிற ஒரு பொது மயானத்தில் ஒரு பகுதி, அதன் ஓரமாக ஒரு அஸ்தி மாடச் சுவர், கூடவே நாலாவது வழியின் பணம், ஏழை வீரரின் உடலை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் செலவோடு. பதிவேடு மட்டும் மயானத்துக்காரரிடம் இருக்கக் கூடாது, அரசிடம் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒரு வைப்புநிதி, வட்டியை மட்டும் எடுக்கும்படி, ஒவ்வொரு அடக்கத்தின்போதும் அதில் ஒரு தொகை சேரும்படி. பத்து வருஷம் கழித்து எண்ணிக்கை இருக்கிறது, ஒதுக்கிய பகுதி நிரம்புகிறது என்று தெரிந்தால் தனித் தோட்டத்துக்குப் போகலாம், அதற்குள் நடத்தத் தெரிந்த ஆட்களும் இருப்பார்கள். பக்கத்தில் நம்பகமான மயானமே இல்லை, வீரர்கள் எண்ணிக்கையோ நிஜமாகவே பெரிது என்றால் மட்டும் நேரே முதல் வழிக்குப் போவதில் தப்பில்லை.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று. யாராவது நிலத்தை இலவசமாகத் தருகிறேன் என்று வருவார், கட்டாயம் வருவார். பத்திரத்தில் கை வைப்பதற்கு முன் நல்ல மழை மாதத்தில் ஒரு நாள் ஆளை அனுப்பி, நாலைந்து இடத்தில் ஆறடி தோண்டி, மறுநாள் காலையில் குழிக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.